ஆணைக் கப்பல்களும் கண்டி இராச்சியமும்

கண்டி மாநகரை வளைந்தோடும் மகாவலி கங்கை கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கினுட் புகும் பகுதியிலே பல்லேகல என்னும் ஊர் அமைந்துள்ளது. நாற்புறமும் மலை சூழ்ந்த இவ்வூரையும் கடலையும் இணைத்துப் பேசுதல் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், கண்டியிலிருந்து குண்டசாலை, பல்லேகல, திகன, தெல்தெனிய என்னும் ஊர்களினூடாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பாதை மகியங்கனையைச் சென்றடைகின்றது. முற்காலத்தில் விந்தனை என வழங்கிய அவ்விடத்தைக் கடந்தே, 17ஆம் நூற்றாண்டில் மட்டக்களப்புத் துறையில் இறங்கிய அயல்நாட்டுத் தூதர் மலைநாட்டுக்கு ஏறி வந்தனர். அவர்கள் கொணர்ந்தவை பரிசுப் பொருள்கள் மட்டுமல்ல. கடலிலே பகைவர் கப்பலைப் பிடிக்கும் அதிகாரத்தைத் தமக்கு அளித்த ஆணைப் பத்திரங்களையும் அவர்கள் உடன் கொணர்ந்தனர். தனக்கெனக் கப்பற்படை இல்லாத ஓர் அரசு, பிறர் தந்த அத்தகைய ஆணைகளை நம்பித் தன் பகைவரோடு பொருத வரலாறு படிப்பினை மிக்கது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆணைக் கப்பல் யாது?

கடலிற் செல்லும் கப்பலைத் தாக்கிப் பொருளைக் கவர்வோன் கடற்கொள்ளைக்காரன். அவன் எந்நாட்டவர் கையிற் சிக்கினும் தண்டிக்கப்படுவான். ஆயின், அதே செயலை அரசன் ஒருவன் வழங்கிய பத்திரத்தைக் கையிற்கொண்டு செய்வோனை ஐரோப்பியச் சட்டம் வேறாகக் கருதிற்று. அவனுடைய கப்பலை ஆங்கிலேயர் 'பிரைவற்றியர்' என்றனர். அவன் பெற்ற பத்திரம் 'லெற்றர் ஒவ் மார்க்' எனப்பட்டது. தமிழில் முன்னதை ஆணைக் கப்பல் என்றும், பின்னதை ஆணைப் பத்திரம் என்றும் கூறலாம்.

இவ்வழக்கம் இடைக்காலத்திலே தோன்றியது. ஒரு நாட்டு வணிகன் அயல்நாட்டாராற் கொள்ளையிடப்பட்டு, அந்நாட்டு நீதிமன்றத்திலே நியாயம் பெறாதவிடத்து, தான் இழந்த அளவு பொருளை அந்நாட்டார் எவரிடத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளுமாறு அவனுடைய அரசன் அனுமதி வழங்குவான். நாளடைவில் இழப்பு என்னும் காரணம் மறைந்தது. போர் என்னும் காரணமே போதுமானதாயிற்று. கப்பலை வாங்குவதும், பீரங்கி ஏற்றுவதும், மாலுமிகளுக்கு உணவளிப்பதும் உரிமையாளரின் செலவாகும். அரசுக்குச் செலவில்லை, பகைவரின் வாணிகம் மட்டும் கெடும். ஆகலின், பெருங் கடற்படை வைத்திருக்க வசதியற்ற அரசுகளும் இம்முறையை விரும்பின.

இம்முறைக்கு மூன்று கட்டுப்பாடுகள் இருந்தன. பத்திரத்திற் பெயர் குறிக்கப்பட்ட பகைவரின் கப்பலையே பிடித்தல் வேண்டும். எல்லை மீறாமைக்குப் பிணைப்பணம் கட்டல் வேண்டும். பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்குக் கொணர்ந்து, அஃது உரிய முறையிற் பிடிக்கப்பட்டதே என நீதிமன்றத் தீர்ப்புப் பெறல் வேண்டும். தீர்ப்புக் கிடைத்த பின்னரே கப்பலும் சரக்கும் ஏலத்தில் விற்கப்பட்டு, அரசுக்கும் உரிமையாளருக்கும் மாலுமிகளுக்கும் பங்கிடப்படும். இங்கிலாந்திலே கடற்படைத் தலைமை அதிகாரிக்குப் பத்திலொரு பங்கு உரியதாயிருந்தது.

ஆணைக் கப்பலைக் கொள்ளைக் கப்பலினின்றும் வேறுபடுத்துவன பத்திரமும் தீர்ப்புமே என்பது இதனாற் பெறப்படும். ஆணை வழங்குவோன், ஆணை பெறுவோன், தீர்ப்புக் கூறுவோன் ஆகிய மூவரும் ஒரே நாட்டவர். இவர்களுக்குப் புறம்பாக, அதே போரில் அதே பகைவரோடு பொருதும் நான்காவது ஒருவன் இருப்பின் அவனுக்கு உரிய உரிமை யாது? ஐரோப்பியச் சட்டம் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தரவில்லை. கண்டி அரசன் அத்தகைய நான்காமவனாக இருந்தான்.

கீழைக் கடலிற் பத்திரங்களின் ஆட்சி

இந்து சமுத்திரத்திற் பத்திர ஆட்சியை வலிந்து புகுத்தியோர் போர்த்துக்கேயர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, இக்கடலிற் செல்லும் ஆசிய வணிகர் தம்மிடம் 'கர்த்தாஸ்' என்னும் கடவுச்சீட்டுப் பெறல் வேண்டும் என அவர்கள் விதித்தனர். கப்பலின் அளவு, தலைவன் பெயர், சரக்கு, செல்லுமிடம் என்பன அதில் எழுதப்பட்டன. சீட்டில்லாத கப்பல் பறிமுதல் செய்யப்பட்டது. பன்னெடுங் காலமாகத் தடையின்றித் திரைகடலோடிய சோனகரும் செட்டிகளும் பிறரும் தம் சொந்தக் கடலிலே ஒரே நாளிற் குற்றவாளிகளாயினர்.

இதனை எதிர்த்தோருள் முதன்மையானோர் கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாகிய குஞ்ஞாலி மரைக்காயர்கள். போர்த்துக்கேயர் எழுதிய நூல்களில் அவர்கள் கடற்கொள்ளைக்காரராகவே காட்டப்பட்டனர். சாமூதிரிக்கோ அவர்கள் தம் ஆணை பெற்ற படைத்தலைவர்கள். இப்போர் ஈழத்தையும் தொட்டது. சீதாவாக்கை அரசன் மாயாதுன்னை போர்த்துக்கேயரின் துணைபெற்ற கோட்டை அரசனோடு பொருதகாலை, சாமூதிரியின் உதவியை நாடினான். அவ்வுதவிக்கெனப் புறப்பட்ட கப்பற்படையை 1538ஆம் ஆண்டிலே, மண்டபத்துக்கு அண்மையிலுள்ள வேதாளையில், மார்ட்டிம் அபொன்சோ த சௌசாவின் தலைமையிற் சென்ற போர்த்துக்கேயர் முறியடித்தனர். இராமேசுவரத்துக்கு அருகே நடந்த அப்போர், இலங்கை அரசர் கடல்வழியே துணைபெறும் வாய்ப்பினைப் பெரிதும் குறைத்தது.

ஆணையை நம்பினோன் அடைந்த முடிவும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நான்காம் குஞ்ஞாலியின் வலிமை பெருகியதை அஞ்சிய சாமூதிரி, 1600ஆம் ஆண்டில் அவருக்கு எதிராகப் போர்த்துக்கேயரோடு சேர்ந்து கொண்டார். உயிருக்கு ஊறில்லை என்னும் உறுதிமொழியை நம்பிச் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்த்துக்கேயர் கோவைக்குக் கொண்டுசென்று கொன்றனர். ஆணை தந்த அரசன் கைவிட்டவுடன், நேற்றுக் கடற்படைத் தலைவராயிருந்தவர் இன்று கொள்ளைக்காரராயினர். அவர் மேற்கொண்ட தொழிலோ முன்னும் பின்னும் ஒன்றே.

கடலில்லா அரசு

இதே காலத்திற் கண்டியை ஆண்டவன் முதலாம் விமலதருமசூரியன். கோனப்பு பண்டாரன் என்னும் இயற்பெயருடைய இவன், கோவையிலே போர்த்துக்கேயரிடம் வாழ்ந்து, தொன் யுவான் என்னும் கிறித்தவப் பெயரும் அவர்தம் மொழியும் பெற்றவன். அவர்களுடைய படையோடு மலைநாட்டுக்கு வந்து, பின்னர் அவர்களுக்கே மாறாக எழுந்து அரியணையைக் கைப்பற்றினான். 1594ஆம் ஆண்டிலே தந்துறையில் நடந்த போரிற் போர்த்துக்கேயத் தளபதி பேதுரு லோபஸ் த சௌசாவின் படையை அழித்து, அவர்கள் அரசியாக முடிசூட்டக் கொணர்ந்த தொன்னா கதரீனாளைத் தன் பட்டத்தரசியாக்கினான்.

மலையும் காடும் கணவாயும் இவ்வரசுக்கு அரண்கள். நிலத்திலே எத்துணைப் பெரும் படை வரினும் மலைநாட்டார் அதனைச் சோர்வுறச் செய்து மடக்க வல்லவர். ஆயினும் கொழும்பிலும் காலியிலும் போர்த்துக்கேயர் நிலைபெற்றிருக்குமட்டும் போர் முடியாது. தோற்றோடிய படைக்குப் பதிலாகக் கோவையிலிருந்து கப்பலேறிப் புதுப்படை வந்துகொண்டேயிருந்தது. கடலிலே அக்கப்பல்களை மறித்தாலன்றிக் கண்டிக்கு நிலையான விடுதலையில்லை. மன்னனிடம் யானையிருந்தது, கறுவாவும் மிளகும் இருந்தன, கடலிற் போர் செய்யும் கப்பல் மட்டும் இல்லை. ஆகவே, பகைவரின் பகைவரைக் கடலிலே தேடவேண்டியவனாயினான்.

1602: கைமாறிய கப்பல்

அந்நாளில் ஒல்லாந்தர் இசுப்பானிய மன்னனின் ஆட்சியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தனர். 1580 முதல் போர்த்துக்கல்லின் முடியும் அம்மன்னனிடமே இருந்தமையால், போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பகைவராயினர். 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தலைவர் மட்டக்களப்பை அடைந்தார். யூலை மாதத்தில் விந்தனை வழியாகக் கண்டிக்குச் சென்று, இளவரசர் மொறிஸ் அளித்த பத்திரத்தை மன்னனுக்குக் காட்டினார். மன்னன் அவரைப் பெரிதும் போற்றினான். ஒல்லாந்தர் இந்நாட்டிலே கோட்டை கட்ட விரும்பின், தானும் தன் அரசியும் மக்களும் தோளிலே கல் சுமப்பதாக அவன் கூறியமை வரலாற்றிற் புகழ்பெற்றது. ஸ்பில்பேர்கன் தம்மோடு வந்த இசைவாணர் இருவரை மன்னன் விருப்பப்படி கண்டியிலே விட்டுச் சென்றார். அதனினும் முதன்மையானது வேறொன்று. இக்கரையோரத்திலே தாம் பிடித்த போர்த்துக்கேயக் கப்பலை அவர் மன்னனுக்கே கையளித்தார்.

இச்செயல் மன்னன் உள்ளத்திலே ஓர் எண்ணத்தை ஊன்றியிருத்தல் கூடும். ஒல்லாந்தர் கடலிற் பிடிப்பது தனக்கும் உரியது, அவர்களுடைய போர் தன் போரே என்பது அவ்வெண்ணம். ஸ்பில்பேர்கனின் நிலையோ வேறு. இலங்கையை விட்டு அச்சைக்குச் சென்ற அவர், அங்கே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் முதற் கடற்பயணத் தலைவர் யேம்சு லங்காஸ்ரரோடு கூட்டுச் சேர்ந்து, மலாக்கா நீரிணையிலே சரக்கேற்றிய பெரிய போர்த்துக்கேயக் கப்பல் ஒன்றைப் பிடித்தார். லங்காஸ்ரர் ஏறிவந்த தலைமைக் கப்பல் கம்பலந்துப் பிரபுவிடமிருந்து 3,700 பவுணுக்கு வாங்கப்பட்டது. அப்பிரபு இசுப்பானியருக்கெதிரான ஆணைக் கப்பல் தொழிலிற் பேர்பெற்றவர்; அக்கப்பலும் அத்தொழிலுக்கெனவே கட்டப்பட்டது. வாணிகக் கப்பலுக்கும் ஆணைக் கப்பலுக்குமிடையே இருந்த திரை அத்துணை மெல்லியது.

1603: நான்கு கப்பல்கள்

1602ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் தேதி, ஒல்லாந்துப் பேரவை கிழக்கிந்தியக் கம்பனிக்குப் பட்டயம் வழங்கியது. பேரவையின் பெயரால் உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும், படைவீரரை வைத்திருக்கவும் அப்பட்டயம் அதிகாரம் தந்தது. கம்பனியின் கப்பல்களைத் தனிமனிதரின் ஆணைக் கப்பல்களென முற்றிலும் கூறுதல் பொருந்தாது. எனினும், வணிகர் தம் பணத்திற் கப்பலோட்டி, அரசின் பெயராற் பகைவரைத் தாக்கி, நீதிமன்றத் தீர்ப்பினாற் பொருளை உரிமையாக்கினர் என்னும் மூன்று கூறுகளிலும் இரண்டும் ஒத்தனவே.

இக்கம்பனியின் கப்பல்களோடு வந்தவர் செபால்ட் த வேர்ட். 1602ஆம் ஆண்டு நவெம்பரில் மட்டக்களப்பிலே இறங்கிக் கண்டிக்குச் சென்ற இவர், மன்னன் நிலவழியே தாக்கும்போது தம் கப்பல்கள் கடல்வழியை அடைப்பதென உடன்பட்டு, மேலும் கப்பல்களைச் சேர்த்துவர அச்சைக்குச் சென்றார். அவர் மீள்வதற்கிடையிற் கண்டி பேரிடரைச் சந்தித்தது. 1603ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தொன் ஜெறனிமோ த அசவேதுவின் படை பலனைக் கோட்டையைக் கைப்பற்றிற்று. அப்படையிலிருந்த இலங்கை லஸ்கரின் வீரர் கலகஞ் செய்தமையாலேயே போர்த்துக்கேயர் பின்வாங்க நேர்ந்தது. மன்னனைப் பொறுத்தவரை, கொழும்பிலுள்ள ஒவ்வொரு போர்த்துக்கேயனும் மறுமுறை மலையேறக்கூடிய பகைவனே.

இந்நிலையில், 1603 ஏப்பிரில் மாதத்தில் த வேர்ட் மீண்டார். போர்த்துக்கேயக் கப்பல்கள் நான்கு அவர் கையிற் சிக்கின. அவற்றிலிருந்தோரை அவர் விடுதலை செய்துவிட்டார். செய்தியறிந்த மன்னன் கொதித்தான். தன் நாட்டை எரித்த பகைவரைத் தன் நண்பன் பிடித்தும், தன்னைக் கேளாமல் விட்டுவிடுதல் எவ்வகை நட்பு? அவ்வாறு செய்வோன் பகைவரோடு மறைவாகக் கூடியிருப்பான் என்னும் ஐயமும் அவனுக்கு எழுந்தது. தன் கப்பலைப் பார்வையிட வருமாறு த வேர்ட் அழைத்தபோது, அது தன்னைச் சிறைப்பிடிக்கும் சூழ்ச்சியோ என மன்னன் அஞ்சி மறுத்தான். அச்சந்திப்பிலே மதுமயக்கத்திலிருந்த த வேர்ட் அரசியைப் பற்றி இழிவாகப் பேசினார் எனவும் கூறப்படுகின்றது. 1603 யூன் 1ஆந் தேதி, மன்னனின் ஆணைப்படி மட்டக்களப்பிலே அவர் கொல்லப்பட்டார். அவரோடு கரைக்கு வந்திருந்த ஏறத்தாழ 50 ஒல்லாந்தரும் மாண்டனர். பின்னர்க் கப்பலிலிருந்தோர்க்கு மன்னன் விடுத்த சுருக்கமான ஓலையில், நடந்தது இறைவனின் நீதியென்றும், அவர்கள் சமாதானத்தை விரும்பினாற் சமாதானம், போரை விரும்பினாற் போர் என்றும் தெரிவித்தான்.

இந்நிகழ்ச்சியை ஒரு மன்னனின் சினமாகவோ ஒரு தலைவனின் மதுமயக்கமாகவோ மட்டும் கொள்ளுதல் போதாது. அடிப்படையில் இஃது இரு வாக்குறுதிகளின் மோதல். சரணடைந்த கப்பலாருக்கு உயிர்க்காப்பு அளித்து விடுதல் ஐரோப்பியக் கடற்போர் வழக்கு. அவ்வழக்கின் உள்ளே அறமும் உண்டு, நன்மையும் உண்டு. உயிருக்கு ஊறில்லையெனத் தெரிந்தாலன்றி எந்தக் கப்பலும் எளிதிற் சரணடையாது. இறுதிவரை பொருதும் கப்பலின் சரக்கும் அதனோடு அழியும். கடலிலே பொருள் தேடுவோனுக்குக் கப்பலே பேறு; ஆட்கள் சுமை. மன்னனுக்கோ கப்பல் பொருளன்று, ஆட்களே பொருள். விடுவிக்கப்பட்டவர்கள் கொழும்புக்குச் செல்வார்கள். கொழும்பிலிருந்து பலனைக்கு வருவார்கள். த வேர்ட் தம் பகைவருக்குக் கொடுத்த வாக்கைக் காத்தார். நண்பனுக்குக் கொடுத்த வாக்கை மறந்தார். அவர் பெற்ற பட்டயத்திலே அந்நண்பனுக்கு ஓர் இடமும் வகுக்கப்பட்டிருக்கவில்லை.

அதே ஆண்டில் மற்றொரு வழக்கு

த வேர்ட் கொல்லப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1603 பெப்ரவரி 25ஆந் தேதி, யாக்கோப் வான் ஹேம்ஸ்கேர்க் என்னும் மற்றோர் ஒல்லாந்தத் தலைவர் சிங்கப்பூருக்கு அண்மையிலே 'சாந்தா கதரீனா' என்னும் போர்த்துக்கேயப் பெருங்கப்பலைப் பிடித்தார். சீனப் பட்டும் மட்பாண்டமும் நிறைந்த அக்கப்பலிலிருந்தோர் உயிர்க்காப்புப் பெற்றுச் சரணடைந்தனர். அவர்களை ஹேம்ஸ்கேர்க் மலாக்காவுக்குப் போகவிட்டார். த வேர்ட் செய்த அதே செயல் அங்கே பாராட்டுக்குரியதாயிற்று.

1604 செப்டெம்பரில் அம்ஸ்ரடாம் நகரிலிருந்த கடற்படை நீதிமன்றம், அக்கப்பல் உரிய முறையிற் பிடிக்கப்பட்டதேயெனத் தீர்ப்பளித்தது. சரக்கின் விற்பனை 30 இலட்சம் கில்டருக்கு மேற்பட்டது. கம்பனி தொடங்கியபோது திரட்டிய மூலதனமோ ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். ஒரே கப்பலின் சரக்கு அம்மூலதனத்தின் பாதிக்குச் சற்று மேலான தொகையை ஈட்டித் தந்தது.

ஆயினும், கம்பனியின் பங்காளருட் சிலர் கொள்ளைப் பொருளில் பங்கு கொள்ள மனமொப்பவில்லை. அவர்கள் ஐயத்தைத் தீர்க்கவும் கம்பனியின் செயலை நிலைநாட்டவும் ஹூகோ குரோசியஸ் என்னும் இளம் வழக்கறிஞரைக் கம்பனியார் அமர்த்தினர். அப்போது அவருக்கு வயது 21. கைப்பற்றும் உரிமை பற்றி அவர் எழுதிய பெருநூல் அக்காலத்தில் அச்சேறவில்லை. அதன் 12ஆம் அதிகாரம் மட்டும் 1609ஆம் ஆண்டிலே, கடல் எல்லார்க்கும் பொது என்னும் கருத்தை நிலைநாட்டும் சிறு நூலாக வெளிவந்தது. முழு நூலின் கையெழுத்துப் படி 1864இற் கண்டெடுக்கப்பட்டு, 1868இல் வெளியிடப்பட்டது. இன்றைய சர்வதேசச் சட்டத்தின் வேர்களுள் ஒன்று, இவ்வாறு கீழைக் கடலிற் பிடிபட்ட ஒரு கப்பலின் வழக்கிலே ஊன்றியுள்ளது.

ஈண்டு ஒரு செய்தி கருதற்பாலது. ஹேம்ஸ்கேர்க்கின் செயலை நியாயப்படுத்தக் குரோசியஸ் காட்டிய காரணங்களுள் ஒன்று, ஒல்லாந்தர் தம் நட்பரசனாகிய ஜோகூர் மன்னனுக்குத் துணையாகப் போர் செய்தனர் என்பதாகும். ஆசிய மன்னனின் நட்பு ஐரோப்பிய நீதிமன்றத்திலே ஒல்லாந்தர்க்குச் சான்றாகப் பயன்பட்டது. ஆயின், அந்நட்பினால் மன்னனுக்கு எவ்வுரிமை விளைந்தது? மட்டக்களப்பிலே விமலதருமசூரியன் எழுப்பிய வினா அதுவே.

பத்திரத்தின் இரு வாசகங்கள்

1604ஆம் ஆண்டில் விமலதருமசூரியன் இறந்தான். அவனுக்குப் பின் வந்த செனரதனும் கடல்வழித் துணையையே நாடினான். ஒல்லாந்தர் சார்பிற் கண்டிக்கு வந்து மன்னனின் நம்பிக்கைக்குரியவராகிய மாசெலிஸ் பொஸ்கௌவர், துணைதேடி ஐரோப்பா சென்று, 1618இல் தேன்மார்க்கு மன்னனோடு உடன்படிக்கை செய்தார். ஓவ கெட்ட என்பவரின் தலைமையிற் புறப்பட்ட தேனியக் கப்பல்கள் 1620இல் இலங்கையை அடையுமுன் அவர் வழியிலே இறந்தார். அவர் செய்த உடன்படிக்கையை ஏற்கச் செனரதன் மறுத்தான். முன்னோடியாக வந்து போர்த்துக்கேயரோடு பொருத றோலன்ட் கிறப்பின் கப்பல் 1619இற் காரைக்காலுக்கு அருகே அவர்களால் மூழ்கடிக்கப்பட்டது. உயிர் தப்பிய கிறப் தஞ்சை இரகுநாத நாயக்கரை அடைந்தார். 1620 நவெம்பரில் நாயக்கர் அளித்த தரங்கம்பாடியிலே தேனியக் கோட்டை எழுந்தது. கண்டியின் அழைப்பிலே புறப்பட்ட பயணம் சோழநாட்டுக் கரையிலே முடிவுற்றது.

செனரதனின் மகன் இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் ஒல்லாந்தர் மீண்டும் வந்தனர். 1638 மார்ச்சு 28ஆந் தேதி, பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவையிலே போர்த்துக்கேயப் படையை இராசசிங்கன் அழித்தான். அதே ஆண்டு மே மாதத்தில் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. அங்கேயே ஒல்லாந்தரோடு உடன்படிக்கை எழுதப்பட்டது. போர்ச் செலவை மன்னன் கறுவா, மிளகு முதலியவற்றாற் கொடுத்துத் தீர்க்க உடன்பட்டான். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருத்தல் மன்னன் விரும்பின் மட்டுமே என்னும் நிபந்தனை போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியில் இல்லை. அவ்விரு வாசகங்களுக்கிடையே இலங்கையின் கரையோரம் முழுதும் கைமாறிற்று. 1640இற் காலியும் 1656இற் கொழும்பும் வீழ்ந்தன. கொழும்பின் வாயிலை ஒல்லாந்தர் மன்னனுக்குத் திறக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல் என்னும் சிங்களப் பழமொழி இம்மாற்றத்தைக் குறித்தே மக்கள் நாவில் வழங்குவதாயிற்று.

கடல்வழியை இழந்தமையின் விளைவு போரோடு நிற்கவில்லை. 1753ஆம் ஆண்டிலே பௌத்த உபசம்பதையை மீட்பதற்கு உபாலி தேரரைச் சீயத்திலிருந்து அழைத்தபோதும், கண்டி மன்னன் ஒல்லாந்தர் கப்பலையே நாடவேண்டியிருந்தது. சமயப் பணிக்கும் அயலான் தரும் கப்பல் வேண்டியதாயிற்று.

யாருடைய முத்திரை?

காலப்போக்கிற் கண்டி அவை ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் திருக்கோணமலையைக் கைப்பற்றியதும், சென்னையிலிருந்து ஹியூ பொயிட் என்பவர் கண்டிக்குத் தூதராக வந்தார். புதிதாக அரியணையேறிய இராசாதி இராசசிங்கன் அவரை மரியாதையோடு வரவேற்றான். உடன்படிக்கைக்கு மட்டும் இசையவில்லை. பொயிட் கொணர்ந்தது கம்பனியின் பத்திரம். இங்கிலாந்து மன்னனின் பத்திரமன்று. அம்மன்னனே நேரில் எழுதுவானாயின் உடன்படிக்கை செய்யலாமென அவை விடை பகர்ந்தது. 1603இல் ஒருவரும் தெளியாத வினாவை, 180 ஆண்டுகளின் பின் கண்டி தெளிந்து கேட்டது: இப்பத்திரத்தில் உள்ளது யாருடைய முத்திரை? இஃது யாரைக் கட்டுப்படுத்தும்?

வெறுங்கையோடு திரும்பிய பொயிட்டைக் கடலிலே பிரெஞ்சுப் போர்க்கப்பல் பிடித்துச் சிறைசெய்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியில் திருக்கோணமலையும் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் கைவசமாயிற்று.

பத்திரமின்மை ஐரோப்பியரையும் வருத்தியதுண்டு. மொரீசியசைத் தளமாகக்கொண்ட பிரெஞ்சு ஆணைக் கப்பல் தலைவர் றொபேர்ட் சேர்க்கூஃப் 1796இல், பத்தொன்பது பேரோடு 'திறைற்றன்' என்னும் ஆங்கிலக் கம்பனிக் கப்பலை வங்காள விரிகுடாவிற் பிடித்தார். ஆயின் அப்பயணத்துக்கு அவர் ஆணைப் பத்திரம் பெற்றிருக்கவில்லை. ஆகவே அவர் பிடித்த கப்பல்களை அத்தீவின் பிரெஞ்சு ஆட்சியே பறித்துக்கொண்டது. அவர் பாரிசுக்குச் சென்று முறையிட்டு 1797இல் நியாயம் பெற்றார். முறையான ஆணையோடு 1800 ஒக்டோபரில் 'கென்ற்' என்னும் பெருங்கப்பலைப் பிடித்தபோது அவர் நாட்டின் வீரராகப் போற்றப்பட்டார். தம் நாட்டு நீதிமன்றத்திலே முறையிடும் வாய்ப்பு சேர்க்கூஃபுக்கு இருந்தது. விமலதருமசூரியன் முறையிடுவதற்கு எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை.

1810 திசெம்பரில் ஆங்கிலேயர் மொரீசியசைக் கைப்பற்றினர். அதனோடு இக்கடலில் பிரெஞ்சு ஆணைக் கப்பல்களின் காலம் முடிந்தது. ஐந்தாண்டுகளுள், 1815 மார்ச்சு 2ஆந் தேதி எழுதப்பட்ட மற்றொரு பத்திரத்தினாற் கண்டி இராச்சியமும் முடிவுற்றது. 1856 ஏப்பிரில் 16ஆந் தேதி, கிரிமியப் போரின் பின் பாரிசிற் கூடிய வல்லரசுகள் ஆணைக் கப்பல் முறையை ஒழிப்பதாகப் பிரகடனஞ் செய்தன. அமெரிக்க ஐக்கிய நாடு அதிற் சேரவில்லை. ஆணைப் பத்திரம் வழங்கும் அதிகாரத்தை அந்நாட்டின் யாப்பு இன்றும் தன் பேரவைக்கு அளித்துள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் விளங்குவது யாதெனில், ஆணைப் பத்திரம் கொள்ளையைச் சட்டத்துக்குள் அடக்கிற்று என்பது பாதி உண்மையே. எழுதினோர்க்கும் பெற்றோர்க்குமிடையே அது சட்டமாக நின்றது. அவர்களுக்குப் புறத்தே நின்ற குஞ்ஞாலிக்கும், சீட்டில்லாத தமிழ்நாட்டு வணிகனுக்கும், கண்டி மன்னனுக்கும் அதன் பயன் வேறாயிருந்தது. த வேர்ட்டைக் கொன்ற செயலை அறமென எவரும் கூறார். விருந்தாக வந்தவரைக் கொல்லுதல் எந்நாட்டு முறைக்கும் ஒவ்வாதது. ஆயினும் அக்கொலைக்கு முன் எழுந்த கேள்வி நியாயமான கேள்வியே. ஒருவன் போரை இன்னொருவன் தன் ஆணையின்படி நடத்துவானாயின், அப்போரின் வெற்றியும் அவ்வாணையின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடும்.

மகியங்கனைப் பாதையிலே பல்லேகலவைக் கடந்து செல்வோர்க்கு அங்கே கடலின் அடையாளம் ஒன்றும் புலப்படாது. ஆயினும், கடலிற் பிடிபட்ட கப்பல்களின் விதியும் அவற்றோடு ஒரு மலையரசின் விதியும் கிழக்குக் கரையிலிருந்து மலையேறி வந்த தூதரின் பத்திரங்களிலே எழுதப்பட்டிருந்தன. அவற்றை வாசித்தறியும் திறனைக் கண்டி அவை காலந்தாழ்த்தியேனும் பெற்றது. பெற்றபொழுது, கரையோரத்தின் துறைமுகங்களுள் ஒன்றேனும் அதன் கையில் இருக்கவில்லை.